வேதமாணிக்கம் மன்னிக்க வருகிறார்

தென்னூரில் அந்தச் சின்னச் சபையில் திருவிருந்து மாதத்துக்கு ஒருமுறை, முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் நடக்கும். அப்பமும் திராட்சரசமும் வாங்க விரும்புகிறவர்கள் முந்தின நாள் சனிக்கிழமை இரவுக்குள் போதகரிடம் பேர் கொடுத்துவிட வேண்டும். பேர் கொடுக்கிறவருக்கு யாரோடும் மனஸ்தாபம் இருக்கக் கூடாது. இருந்தால் போய்ச் சமாதானமாகிவிட்டு வர வேண்டும். இது பழைய விதி. சபையார் இதற்கு உரிய மரியாதை கொடுத்து, சனிக்கிழமை முழுதும் சண்டைக்காரர்களை எதிரில் கண்டால் சந்து மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள். எழுத்துக்கு எழுத்து அதன்படி நடந்தவர் வேதமாணிக்கம் ஒருவர்தான்.

சனிக்கிழமை மத்தியானம் டூட்டி முடிந்து வந்ததும் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறுவார். மாதம் முழுவதும் யார் யார் தம் மனதை நோகடித்தார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, உள்ளே போய், உட்காரச் சொன்னாலும் உட்காராமல், “உங்களை நான் மன்னிச்சிட்டேங்க” என்பார்.

ஆரம்ப காலத்தில் சிலர் “எதுக்குங்க?” என்று கேட்டார்கள். கேட்டால் விவரமாகச் சொல்வார். அதனால் பிறகு யாரும் கேட்பதில்லை. ஈஸ்டருக்கு முந்தின தவசு நாட்களில் ஜரிகைச் சேலை கட்டி வந்த வாத்தியார் சம்சாரத்தை மன்னித்தார். பாட்டை எல்லாரும் முடித்த பிறகும் இழுத்துக்கொண்டிருந்த தபாலாபீஸ்காரரை மன்னித்தார். மணியைக் கொஞ்சம் தாமதித்து அடித்ததற்காக மணியடிக்கும் பிச்சமுத்துவை மாதாமாதம் மன்னித்துவந்தார். மன்னிப்பு வாங்கியவர்கள் மரியாதைக்குக் காபி கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சனிக்கிழமை வந்தால் சில வீடுகளில் பாலை எடுத்து மறைத்துவிட்டார்கள் என்பதும் உண்மை.

சபைக்கு வெளியேயும் அவர் வஞ்சனை வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் மெத்தைக்கடை கியாசுதீன் குடியிருந்தார். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை அன்று, இவர் உபவாசம் இருக்கும் நேரத்தில், அவர் வீட்டில் விருந்தாளி வந்து பிரியாணி மணத்தது. சனிக்கிழமை அல்லாத நாளாக இருந்தும் வேதமாணிக்கம் போய் மன்னித்துவிட்டு வந்தார். கியாசுதீன் நெஞ்சில் கைவைத்து, “ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு” என்றார். ராத்திரி அவர் சம்சாரம் சாரா பீவி ஒரு தூக்குவாளி பிரியாணி கொடுத்தனுப்பினாள். அதை வேதமாணிக்கம் ஈஸ்டர் வரை வைத்திருக்க முடியாது என்பதால் அவர் மனைவி மரகதம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இதையெல்லாம் வைத்து அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு கஷ்டமில்லை. ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கலெக்டர். வைகுண்ட ஏகாதசிக்கு சொர்க்கவாசல் பார்க்க வந்து இறங்கும் கூட்டத்தில், மற்ற ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடும் நேரத்திலும், வாசலில் நின்று ஒவ்வொரு கையிலிருந்தும் டிக்கெட்டை வாங்குவார். ஒருமுறை சொந்த மச்சானையே பிளாட்பாரம் டிக்கெட் இல்லாமல் பிடித்து அபராதம் போட்டார். மச்சான் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. வேதமாணிக்கம் அவரை மன்னித்துவிட்டார்.

ஒரே மகள் சுகிர்தம். சைக்கிள் பாரில் உட்கார்த்தி வைத்து ஞாயிறு பள்ளிக்கு அழைத்துப் போன மகள். அவரைப் பார்த்துச் சிரிக்கும் தைரியம் இருந்த ஒரே ஆளும் அவள்தான். “அப்பா, இன்னிக்கு எத்தனை பேரை மன்னிச்சீங்க?” என்று வாசலிலேயே கேட்பாள். அவர் முறைப்பார். ஆனால் அடுத்த மாதச் சனிக்கிழமை அவள் கேட்காவிட்டால் சைக்கிளைத் துடைப்பதுபோல வாசலில் நின்றுகொண்டிருப்பார். அவள் மேல் அவருக்கு உயிர்.

ஐம்பத்தாறாம் வருஷம் சுகிர்தம் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். தஞ்சாவூரில் ஒரு கம்பவுண்டர் வீட்டுப் பையனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தது. பையனும் வாத்தியார் வேலை. கல்யாணம் தை மாதத்தில் என்று பேச்சு. ஆகஸ்ட் மாத முதல் ஞாயிறு திருவிருந்துக்கு வீட்டில் மூன்று பேரும் பேர் கொடுத்திருந்தார்கள். காலையில் கோயிலில் வேதமாணிக்கம் வழக்கம்போலப் பெண்கள் பக்கம் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்தார். அவர் மகளைக் காணோம்.

மாலையில் சுகிர்தம் வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. செருப்பில் மணல்.

“எங்கம்மா போயிருந்த?”

“முக்கொம்புக்குப்பா. கூடப் படிக்கிறவங்களோட. ஆத்துல தண்ணி வந்திருக்குன்னு போனோம். அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்.”

“திருவிருந்துக்குப் பேர் கொடுத்துட்டு?”

“தப்புதான்ப்பா. அவங்களுக்கு இன்னிக்கு மட்டுந்தான் லீவு.”

அவள் பொய் சொல்லவில்லை, மழுப்பவில்லை. வேறு தகப்பன் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். வேதமாணிக்கம் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனார்.

பெரிய ஒழுங்கு மீறினவர்களைச் சபைக்கு முன்னால் நிறுத்துவது என்று ஒரு வழக்கம் அங்கே உண்டு. ஆராதனை முடிவில் பீடத்துக்கு எதிரே வந்து நின்று, “தவறிவிட்டேன், சபையார் மன்னிக்க வேண்டும்” என்று சொல்ல வேண்டும். தவறு இன்னது என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஏனென்றால் அந்த இடத்தில் பெண்பிள்ளைகள் நின்றது இதுவரைக்கும் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். போன வருஷம் நின்றவள் பிச்சமுத்துவின் மகள். நின்ற அடுத்த மாதமே அவளுக்குக் கல்யாணம், அதற்கடுத்த சில மாதங்களில் பிள்ளை. அவள் நின்றே ஆக வேண்டும் என்று விடாப்பிடியாக இருந்தவர் வேதமாணிக்கம்.

போதகர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இவ்வளவுதானே? நான் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். விட்டுடுங்க” என்றார்.

“பிச்சமுத்து மகளுக்கு ஒரு நியாயம், எம் மகளுக்கு ஒரு நியாயமாங்க ஐயா?”

“அது வேற விஷயம்ங்க, வேதமாணிக்கம்.”

“பாவத்துல என்னங்க வேற? நிக்கட்டும். எம் பொண்ணுன்னு நான் பாத்தா நாளைக்கு ஊர் என்னைப் பாக்கும்.”

ஊர் பார்க்கத்தான் செய்தது. அடுத்த ஞாயிறு சுகிர்தம் பீடத்துக்கு எதிரே நின்று, சொல்லச் சொன்ன வார்த்தைகளைச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் வேதமாணிக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வேதத்தில், கடவுள் கேட்டார் என்று மகனைப் பலிபீடத்தில் கிடத்தின தகப்பனைத் தாம் ஒருவாறு எட்டிவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. அந்தக் கதையில் கடைசி நிமிஷத்தில் கத்தியைத் தடுக்க ஒருவர் வந்தார் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை. பெண்கள் பக்கம் மரகதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. முக்கொம்புக்குப் போனதற்காக ஒரு பெண்ணைச் சபைக்கு முன் நிறுத்தினார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அது வெளியே சொல்லிக்கொள்கிற காரணம் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். முக்கொம்பில் என்ன நடந்தது என்பதை அவரவர் வசதிப்படி முடித்துவைத்தார்கள். மெத்தைக்கடை வரைக்கும் செய்தி வந்தது. கியாசுதீன் ஒரு நாள் தயங்கித் தயங்கி, “பாப்பாவுக்கு இப்ப ஒடம்பு தேவலைங்களா?” என்று கேட்டார். சுகிர்தத்துக்குக் காய்ச்சல்கூட இல்லை. வேதமாணிக்கத்துக்குப் புரியவில்லை. மரகதத்துக்குப் புரிந்தது. அன்று அவள் சோறு பொங்கவில்லை.

தஞ்சாவூர்க்காரர்கள் கௌரவமானவர்கள். காரணம் எதுவும் சொல்லாமல், மூன்றாம் மனிதர் மூலம், சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். வேதமாணிக்கம் உண்மையை விளக்க ரயில்வே பாசில் ரயிலேறித் தஞ்சாவூர் போனார். கம்பவுண்டர் வாசலிலேயே நிற்கவைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், “சும்மா முக்கொம்புக்குப் போனதுக்காகவாங்க பெத்த பொண்ணைச் சபையில நிறுத்துவாங்க? நீங்க பெரியவங்க, நான் என்னத்தைச் சொல்றது” என்றார். அவர் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாததால் வேதமாணிக்கம் அவரை மன்னித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினார்.

டிரெயினிங் முடிந்ததும் சுகிர்தம் தரங்கம்பாடிப் பக்கம் ஒரு போர்டிங் ஸ்கூலில் டீச்சராகப் போய்விட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு வருவாள். அப்பாவுக்கு வேஷ்டி வாங்கி வருவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஆனால் இன்றைக்கு எத்தனை பேரை மன்னித்தீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டாள். லீவில் திருவிருந்து ஞாயிறு வந்தால் கோயிலுக்கு வருவாள். பேர் மட்டும் கொடுக்க மாட்டாள். மற்றவர்கள் எழுந்து போகும்போது இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வேறு வரன்கள் வந்தன. வந்த வழியே போயின. வேதமாணிக்கம் ஸ்டேஷன் வாசலில் நின்று டிக்கெட் வாங்கும்போது, கல்யாணக் கோலத்தில் இறங்குகிற பெண்களைக் கண்டால் அவரை அறியாமல் கை கொஞ்சம் தாமதிக்கத் தொடங்கியிருந்தது. அது ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுகிற பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்து கிடந்தது, பல்லிக்குத்தான் தெரியவில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமையாகவே பிறந்தது. முந்தின நாள் காலையில் வேதமாணிக்கம் மகளிடம் கேட்டார்.

“வருஷப் பிறப்பும் அதுவுமா நாளைக்காவது பேர் கொடுக்கலாம்ல?”

“முடியாதுப்பா. மனசுல வருத்தத்தை வச்சுக்கிட்டு வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க.”

“யார் மேல வருத்தம்?”

“உங்க மேலதாம்ப்பா.”

தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். வேதமாணிக்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே போதகர் வீட்டுக்குப் போனார்.

“ஐயா, எம் மக வருஷக்கணக்கா மனசுல வன்மம் வச்சுக்கிட்டிருக்கா. நீங்க கூப்பிட்டுக் கண்டிக்கணும்.”

போதகருக்கு இப்போது தலை நரைத்திருந்தது. அன்றைக்கு ஒரு தகப்பனின் பிடிவாதத்துக்கு இணங்கிப் போனது அவருக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“நானும் அன்னிக்கு உங்க பேச்சைக் கேட்டுத் தப்புப் பண்ணிட்டேங்க. போன வருஷமே அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். நீங்க கேட்டீங்களா?”

“நானா? நான் என்ன பண்ணினேன்?”

“வேதமாணிக்கம், இத்தனை வருஷமா மாசாமாசம் சனிக்கிழமை போறீங்களே, அந்த விதியை நீங்க புரிஞ்சுக்கிட்ட விதமே தப்பு. உங்களுக்கு யார் மேல குறைன்னு பாத்து மன்னிக்கிறதுக்கு அதைப் போடலை. உங்க மேல யாருக்குக் குறைன்னு பாத்து, நீங்க போய்க் கேக்கறதுக்குப் போட்டது.”

அந்த விதிக்கு ஆதாரமான வேத வாக்கியம் வேதமாணிக்கத்துக்குத் தலைகீழ்ப் பாடம். அங்கேயே நின்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். போதகர் சொன்னபடிதான் இருந்தது. வேதமாணிக்கம் அதைச் சொல்லியே மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்.

அன்று மத்தியானம் அவர் முதலில் போனது பிச்சமுத்துவின் வீட்டுக்கு. பிச்சமுத்து சைக்கிள் சத்தம் கேட்டு எழுந்து நின்று, அவர் வாயைத் திறக்குமுன்பே, “சரிங்கய்யா, சந்தோஷங்க. காபி போடச் சொல்லவா?” என்றான்.

“இல்ல பிச்சமுத்து. இன்னிக்கு நீதான் என்னை மன்னிக்கணும். உன் மக விஷயத்துல.”

பிச்சமுத்து உள்ளே போய்விட்டான். காபி வரவில்லை. வேதமாணிக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

சுகிர்தம் அடுக்களையில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மரகதம் அடுப்பருகே இருந்தாள். வேதமாணிக்கம் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு நான் சபைக்கு முன்னால நிக்கறேம்மா. உன்னை நிறுத்தினது என் தப்புன்னு எல்லார் எதிர்லயும் சொல்லிடறேன்.”

சுகிர்தம் நிமிரவில்லை. “அங்க வேண்டாம்ப்பா. அங்க நீங்க நல்லாச் சொல்லுவீங்க. இங்க சொல்லுங்க.”

இருநூறு பேருக்கு முன்னால் சொல்ல அவர் தயாராக இருந்தார். சொல்ல வேண்டிய வாக்கியங்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அடுக்களையில் மனைவிக்கும் மகளுக்கும் முன்னால் அதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் வழக்கப்படி மகளை மன்னித்துவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்தது. கீழே உட்கார்ந்தார். முறத்திலிருந்து ஒரு மொச்சைக்காயை எடுத்து உரித்தார். அப்போதுதான், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“அன்னிக்கு முக்கொம்புக்கு எதுக்கும்மா போனீங்க?”

சுகிர்தத்தின் கை நின்றது.

“நான்தான்ப்பா அவங்களைக் கூட்டிட்டுப் போனேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதுக்கு ஏதாவது பண்ணுன்னு பிடிச்சுக்கிட்டாங்க. அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாங்க. தண்ணி ரெண்டு கரையும் புடிச்சுப் போச்சு. எல்லாரும் அவர் பேரைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணினாங்க.”

“அந்தப் பையனை உனக்குப் பிடிச்சிருந்துச்சா?”

“பிடிச்சிருந்துச்சுப்பா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்க கேக்கலையேப்பா. எங்க போனன்னு மட்டும்தானே கேட்டீங்க.”

மரகதம் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வேதமாணிக்கம் உரித்த மொச்சையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மகள் சந்தோஷமாக இருந்த ஒரு நாள். அந்த நாளுக்காக அவளைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். நிறுத்திவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்திருக்கிறார். அவருக்கு அழுகை வந்தது. அழத் தெரியாத மனிதர் அழுதால் எப்படி இருக்குமோ அப்படி, பெரிய சத்தமாக, அசிங்கமாக அழுதார். சுவருக்கு அந்தப் பக்கம் சாரா பீவி வேலையை நிறுத்திவிட்டாள்.

“என்னை மன்னிச்சிரும்மா.”

சுகிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப வரலைப்பா. வந்ததும் சொல்றேன்.”

“சரிம்மா” என்றார் வேதமாணிக்கம். ஊருக்கெல்லாம் வீடு தேடிப் போய்க் கேட்காமலே கொடுத்துவந்த சரக்கு, தமக்கென்று கேட்டபோது கையிருப்பில் இல்லை. அவர் மிச்ச மொச்சையையும் உட்கார்ந்து உரித்துவிட்டுத்தான் எழுந்தார். அன்றிரவு போதகரிடம் பேர் கொடுக்கப் போகவில்லை.

மறுநாள் காலை கோயில் நிறைந்திருந்தது. திருவிருந்து நேரம் வந்ததும் ஆண்கள் பக்கம் ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து போனது. மூன்றாவது பெஞ்சில் வேதமாணிக்கம் மட்டும் உட்கார்ந்திருந்தார். போகிறவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். வேதமாணிக்கமே பேர் கொடுக்கவில்லை என்றால் சமாசாரம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் அவருக்கு யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் தென்னூரில் முடிவாகிவிடும். அது அவருக்கும் தெரிந்தது. மகள் அன்றைக்கு அந்த இடத்தில் நின்றபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதும் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பெண்கள் பக்கமும் எழுந்து போனார்கள். மரகதம் போனாள். காலியான வரிசையில் சுகிர்தம் மட்டும் இருந்தாள். நடுப்பாதைக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகள். அவள் இந்தப் பக்கம் பார்த்தாள். அவ்வளவு பெரிய பெஞ்சில் தனியாக அவரைப் பார்ப்பது அவளுக்கு இது முதல் தடவை.

பிறகு எழுந்தாள். பீடத்துக்குப் போகவில்லை. நடுப்பாதையைக் கடந்து வந்து, ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வந்து நின்றாள்.

அந்தச் சபையில் பெண்கள் ஆண்கள் பக்கம் உட்கார்ந்ததில்லை. போதகர் கையில் கிண்ணத்தோடு ஒரு நிமிஷம் நின்றுவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் எழுந்து சொல்லக்கூடிய ஆள் அங்கே ஒருவர்தான். அவர் கொஞ்சம் நகர்ந்து மகளுக்கு இடம் விட்டார்.